எப்பங்க இருட்டும்?

1

சென்ற வாரம் ராஜேந்திரனிடமிருந்து கடிதம் வந்தது. அறந்தாங்கிப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறிய ஊரில், உணவகம் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறான். நாலு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் குளிரைத் திட்டியிருந்தான். விஷயம் கடைசி அரைப் பக்கத்தில்தான் இருந்தது.

"மாப்ள, இங்கே கடைத்தெருவில் அவசரத்துக்கு ஒதுங்க வேண்டுமென்றால் கதவிலேயே காசு போட வேண்டும். இருபது பென்ஸ். அதுவும் ஒரே காசாக. நேற்று என்னிடம் நோட்டுதான் இருந்தது. சில்லறை கேட்டுக் கடை கடையாக ஓடினேன். ஒரு கடைக்காரம்மா எதற்கென்று கேட்டாள். இதை இங்கிலீஷில் எப்படி மானத்தோடு சொல்வது? டெலிபோன் பண்ண என்று சொல்லிவிட்டேன். அந்தப் புண்ணியவதி வெளியே வந்து டெலிபோன் பெட்டி இருக்கும் பக்கம் கைகாட்டிவிட்டு, நான் அதற்குள் நுழையும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உன் ஊரில் எப்படி?"

படித்துவிட்டுச் சிரித்தேன். அவன் கடைசியாகக் கேட்ட கேள்வி மட்டும் போகாமல் என்னைப் பிடித்துக்கொண்டது. என் ஊர் என்று அவன் சொன்னது ஷார்ஜாவை.

கடிதத்தை வேனில் வைத்துத்தான் படித்தேன். பிஸ்கட் கம்பெனியின் வேன். ஷார்ஜா, அஜ்மான், உம்முல்குவைன் மூன்று ஊர்களிலும் உள்ள பலசரக்குக் கடைகளுக்குச் சரக்குப் போடுவது என் வேலை. பகல் ஒரு மணிக்குக் கடைகளின் ஷட்டர் இறங்கும். நாலு மணிக்குத்தான் ஏறும். இடையில் ஊர் தூங்கிவிடும். நான் ஏதாவது ஒரு பள்ளிவாசலுக்குப் பின்னால் நிழல் பார்த்து வேனை நிறுத்தி, இரண்டு கதவையும் திறந்து போட்டுக்கொண்டு சீட்டில் சாய்ந்துகொள்வேன். கோடையில் கடலும் வானமும் ஒரே வெளிறிய நிறத்தில் இருக்கும், நடுவில் கோடே தெரியாது. எங்கோ ஒரு ஏசியிலிருந்து தகரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த அரைத்தூக்கத்தில் நான் அஜ்மானில் இருக்கிறேனா அறந்தாங்கியில் இருக்கிறேனா என்று சொல்ல முடியாது.

அன்றைக்குக் கண்ணை மூடியதும் வந்தது, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பிடத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த ஆள். மேசைமேல் ஒரு அலுமினியத் தட்டு, அதில் சில்லறை. வருகிறவன் முகத்தைப் பார்த்தே அவசரத்தின் அளவைச் சொல்லிவிடுவார். "சில்லறை இல்லையா? பரவாயில்ல, போயிட்டு வந்து குடு" என்பார். இங்கிலாந்துக் கதவுக்கு அந்த வாய் இல்லை. இருந்தாலும் அந்தக் கதவின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

2

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அது எப்படிக் கவிழ்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

நான் வந்திறங்கியது ருவைஸில். எண்ணெய்க் கம்பெனி வேலைகள் நடக்கும் ஊர். சுற்றிலும் மணல். கேம்ப்பில் காலையில் கழிப்பறைக்கு வரிசை நிற்கும். சைட்டுக்குப் போய்விட்டாலோ பாலைவனம் முழுக்க நம்முடையது. குவைத் சண்டை முடிந்த அடுத்த வருடம் வேன் வேலை கிடைத்து ஷார்ஜாவுக்கு வந்தேன். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தால் திரும்ப இரவு எட்டாகும். கடைக்குக் கடை டீ கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார், ஆர்டர் குறையும். குடித்தால் அடுத்த கடைக்குள் அவஸ்தை. கஃபேட்டீரியாவில் ஒதுங்கலாம்தான், ஆனால் சும்மா நுழைய மனம் வராமல் அங்கேயும் ஒரு டீ சொல்லுவேன். அந்த டீ என்னை அடுத்த கஃபேட்டீரியாவுக்கு விரட்டும். முதல் மாதம் இப்படியே ஓடியது.

அஜ்மானில் ஒரு பள்ளிவாசலின் பக்கவாட்டில் ஆட்கள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அறந்தாங்கிப் பக்கம் பிறந்த இந்துக்காரன், நெற்றியில் காலையில் வைத்த திருநீறு பாதி அழிந்திருந்தது. செருப்பைக் கழற்றுவதா, போட்டுக்கொண்டு போவதா? உள்ளே யாராவது என்ன ஏது என்று கேட்டால்? குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அரபிப் பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "தஆல், தஆல்" என்று வரச் சொல்லி, மோவாயால் ஒரு கதவைக் காட்டிவிட்டுத் திரும்பக் கால் கழுவப் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. அந்தக் கதவுக்குள் நின்றபோது கண்ணில் தண்ணீர் முட்டியது. எதற்கென்று அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் ராஜா. தெருப் பெயர் சொன்னால் எனக்கு விளங்காது. எந்தப் பள்ளிவாசலில் குழாய்த் தண்ணீர் மத்தியானத்தில் கையைச் சுடும், எதில் மர நிழல் விழுந்து குளுமையாக இருக்கும், எந்தப் பெட்ரோல் பங்கில் சாவி கேட்க வேண்டும், எந்த மீன் சந்தையில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். புதிதாக வந்த சேல்ஸ்மேன்களுக்கு பிஸ்கட் விலையைச் சொல்லித் தருவதற்கு முன் இதைத்தான் சொல்லித் தருவேன். "ஆத்திரத்த அடக்குனாலும் மூத்திரத்த அடக்க முடியாதுடா தம்பி" என்று பழமொழியும் சேர்த்துக்கொள்வேன்.

அந்தப் பழமொழியைச் சொன்னவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது.

3

எட்டு வருடம் தனி ஆளாக இருந்துவிட்டுத்தான் செல்வியையும் மகளையும் அழைத்துக்கொண்டேன். எனக்கும் செல்விக்கும் கல்யாணமானது எங்கள் ஊருக்கே தெரியும். பந்தலில் சண்டைகூட நடந்தது. ஆனால் அரசாங்கத்துக்குத் தெரியாது. மாமனார் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தார். அந்தக் காகிதம் சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை வாங்கி இங்கே வந்தது. அரபியில் மொழிபெயர்த்ததற்கு மேலும் இரண்டு முத்திரை குத்தினார்கள். தாலி கட்டியபோது பயந்ததைவிட, விசா மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் அதிகம் பயந்தேன்.

மே மாதம் வந்து சேர்ந்தார்கள். மகள் மலருக்கு அப்போது ஏழு வயது. ஷார்ஜாவின் ரோலா பக்கம் பழைய கட்டிடம் ஒன்றில் ஒரு ரூமும் சமையலறையும். எதிர் ஃப்ளாட்டில் கீழக்கரைக்காரர் ஜமீலா அக்கா, இருபது வருடமாக இங்கே இருப்பவர்.

முதல் வெள்ளிக்கிழமை. எட்டு வருடமாக இந்த நாளை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எந்தத் தெரு வழியாகக் கூட்டிப்போவது, எந்தக் கடையில் ஜூஸ் வாங்கித் தருவது, எந்த இடத்தில் நிறுத்தி "இதுதான் கடல்" என்று சொல்வது என்றெல்லாம். மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். செல்வி கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள். நகைக்கடைகளைக் காட்டினேன். துணிக்கடைகளைக் காட்டினேன். பெரிய தம்ளரில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். அவள் உதட்டில் வைத்துவிட்டு மலரிடம் தள்ளினாள். "குடிச்சுப் பாரு, ஊர்ல கெடைக்காது" என்றேன். "இனிப்பு ஜாஸ்தியா இருக்குங்க" என்றாள்.

நடுவில் இரண்டு தடவை, "ரெண்டு நிமிசம் நில்லு" என்று அவர்களை ஓரமாக நிறுத்திவிட்டு நான் பள்ளிவாசலுக்குப் போய் வந்தேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு கார்னிஷ். நீர்க்கரையை ஒட்டி நடைபாதை, பேரீச்சை மரங்கள், புல். ஊரே அங்கே வந்திருந்தது. புல்லில் உட்கார்ந்தோம். அந்த மாலை இன்னும் எனக்குள் அப்படியே மிதக்கிறது. அலையில்லாத தண்ணீர், அதில் தலைகீழாக நிற்கும் கட்டிடங்கள், எங்கிருந்தோ வறுத்த கடலை வாசம். மலர் புல்லில் உருண்டுகொண்டிருந்தாள்.

"எப்பங்க இருட்டும்?" என்று கேட்டாள் செல்வி.

"ஏழு மணி ஆவும் புள்ள."

சற்று நேரம் கழித்து, "இன்னும் இருட்டலையே" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருட்டியதும் கரை முழுக்க விளக்குப் போடுவார்கள், தண்ணீரெல்லாம் விளக்காகிவிடும் என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைப் பார்க்கத்தான் துடிக்கிறாள் என்று நினைத்தேன். ஏழானது. விளக்குகள் எரிந்தன. "பாத்தியா!" என்றேன். செல்வி விளக்கைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஏதோ அணைந்துபோனது.

"இவ்வளவு வெளிச்சமா?" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று மேலும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன்.

டாக்ஸியில் திரும்பும்போது அவள் கதவுப் பிடியைப் பிடித்தபடியே வந்தாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். அசதி என்று நினைத்தேன். மனிதனுக்கு இரண்டு கண் இருப்பதால் மட்டும் தெரிந்துவிடாது.

4

அடுத்த வெள்ளி தலைவலி என்றாள். அதற்கடுத்த வெள்ளி மலருக்குப் படிக்க வேண்டும் என்றாள். அதற்கும் அடுத்த வெள்ளி, "நீங்க போயிட்டு வாங்க, நான் துணி தொவைக்கணும்" என்றாள். வற்புறுத்திக் கூட்டிப்போன நாட்களில் காலையிலிருந்தே முகம் வாடிக் கிடக்கும். உதடு வெடித்திருக்கும். கிளம்பிய ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்பாள்.

எனக்கு என்ன தோன்றும்? எட்டு வருடம் ஒருத்தியைத் தனியாக விட்டவனுக்குத் தோன்றுவதுதான் தோன்றியது. இவளுக்கு என்னோடு வெளியே வரவே பிடிக்கவில்லை. கடிதத்தில் இருந்த ஆள் வேறு, நான் வேறு போலிருக்கிறது. கேட்கவும் ரோஷம். வேனில் மத்தியானம் படுத்துக்கொண்டு இதையே நினைப்பேன். பாங்கு ஒலி ஒரு பள்ளியில் தொடங்கி, கொஞ்சம் பிந்தி இன்னொன்றில், அதற்கும் பிந்தித் தூரத்தில் இன்னொன்றில் என்று ஊர் முழுக்கப் பரவும். அந்த ஒலிக்குள் நான் சின்னதாகிக்கொண்டே போவேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவளே சொன்னாள். "என்னங்க, எங்கள ஊருக்கு அனுப்பிருங்க. எனக்கு இந்த ஊரு ஒத்துக்கலை."

"என்னா ஒத்துக்கலை?"

"ஒத்துக்கலைன்னா ஒத்துக்கலை. விட்டுருங்களேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. முத்திரைகளின் எண்ணிக்கையைக்கூடச் சொல்லிக் காட்டினேன். மறுநாளே டிராவல்ஸில் போய் அவளுக்கும் மலருக்கும் அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரத்திலேயே செல்விக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. வெளியே தார் உருகும் வெயிலில், இரண்டு போர்வைக்குள் நடுங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சோதித்துவிட்டு மாத்திரை எழுதினார். உள்ளே ஊசி போட்ட மலையாள நர்ஸ் திரைக்கு வெளியே வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சேட்டா, இவங்க தண்ணி குடிக்கறதில்ல. நீங்க அறியுமோ?"

"வீட்ல தண்ணிக்கு என்ன சிஸ்டர் பஞ்சம்?"

"வெளிய போற நாள்ல காலைல இருந்தே குடிக்கறதில்லயாம். போனா ஒதுங்க எடமில்லன்னு. ஊர்ல சின்னதுல இருந்தே அது பழக்கமாம். இப்போ நோயாயி. இனி இப்படிச் செஞ்சா கிட்னிக்குக் கேடு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சேட்டன் ஒருக்காகூடக் கேட்டில்லயா?"

நான் அந்த மூன்று ஊர்களுக்கும் ராஜா.

வீட்டுக்கு வந்து அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் செல்வி சொல்லலை?"

சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எப்புடிச் சொல்றது? நீங்க பாட்டுக்கு நில்லுன்னுட்டுப் போறீங்க, ஈரக்கையைத் தொடச்சுக்கிட்டு வர்றீங்க, வா போலாம்ங்கிறீங்க. ஒனக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கலை. நானா எப்புடிக் கேக்குறது, வெக்கமா இருக்காதா? ஊர்லயாச்சும் இருட்டுனா கொல்லைப் பக்கம் போயிரலாம். இங்க இருட்டுனதும் லைட்டப் போட்டுர்றாங்க. எப்பத்தான் இருட்டும் இந்த ஊரு?"

அப்போதுதான் கார்னிஷ் புல்லும், அவள் கேட்ட கேள்வியும், அவள் திருப்பித் திருப்பிப் பார்த்த கழுத்தும் எனக்குத் திரும்ப வந்தன. எங்கள் பெண்களுக்கு விடிவதற்கு முன்னால் ஒரு இருட்டு, பொழுது சாய்ந்த பின்னால் ஒரு இருட்டு. நடுவில் இருக்கும் பகல் முழுக்க அடக்கம். ஆத்திரம், மூத்திரம் இரண்டையும் அடக்கித்தான் அவர்கள் வளர்கிறார்கள். இது எனக்குத் தெரியாததா? என் அக்காமார் அப்படித்தான் போனார்கள். ஆனாலும் ஏழு மணி விளக்கை அவளுக்குப் பரிசு மாதிரிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

5

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வரவில்லை. அவளுக்கு வந்துதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அதே வேன், அதே ரூட். ஊர் மட்டும் வேறு ஊராக இருந்தது. நான் மனப்பாடமாக வைத்திருந்த அத்தனை கதவுகளும் ஆண்களின் கதவுகள். பெட்ரோல் பங்கில் சாவி ஒன்றுதான். கஃபேட்டீரியாவில் மீசை வைத்தவர்களே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணில் படாமல் பெண்களுக்கான கதவு எங்காவது இருக்கலாம். ஆனால் ஒரு ஆண்பிள்ளை போய், "பெண்கள் கழிப்பறை எங்கே?" என்று யாரிடம் கேட்பது? ராஜேந்திரன் மாதிரி டெலிபோன் என்று பொய் சொல்லவும் முடியாது. ஒரு மலையாளிக் கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பிஸ்கட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று ஆர்டர் பாதியாகிவிட்டது.

ரூட்டில் ஒரு பூங்கா இருந்தது. சுற்றிலும் உயரமான சுவர், உள்ளே மரம் தெரியும். அங்கே பெண்கள் குழந்தைகளோடு போவதைப் பார்த்திருக்கிறேன். புதன்கிழமை மதியம் கடைகள் மூடியதும் வேனை அதன் பக்கம் விட்டேன். கேட்டில் பட்டான் காவலாளி. தாடி, சாம்பல் சட்டை, கையில் ஒரு குச்சி.

"ஆஜ் லேடீஸ் டே. ஜென்ட்ஸ் மனா ஹை" என்றார். புதன் பெண்களுக்கு மட்டுமான நாள் என்பது எனக்குத் தெரியாது.

"பாய், நான் உள்ளே போகவில்லை. பெண்களுக்குப் பாத்ரூம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்." என் ஓட்டை இந்தியில் இதைத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படி ஒலிக்கும் என்று உறைத்தது.

என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். காவல் கூண்டுக்குள் இழுத்துப்போய் ஸ்டூலில் உட்கார வைத்து, என் பத்தாகாவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சின்ன அடையாள அட்டை இல்லாவிட்டால் இங்கே நான் ஆளே இல்லை. என் விசாவில்தான் செல்வியின் விசாவும் மலருடையதும் தொங்குகின்றன. போலீஸ் வந்தால் என்ன சொல்வேன்? டிக்கெட்டை நானே போட்டுவிட்டேன், இப்போது மூன்றாவது டிக்கெட்டையும் அரசாங்கமே போட்டுவிடும்.

காவலாளி டெலிபோனைக் கையில் எடுத்தார். வெட்கம் பார்க்க இனி நேரமில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டு வருடம், முதல் வெள்ளி, ஜூஸ், விளக்கு, காய்ச்சல், நர்ஸ். இந்தி தீர்ந்த இடத்தில் தமிழ், தமிழ் தீர்ந்த இடத்தில் கை.

டெலிபோனைத் திரும்ப வைத்தார். பிறகு உருதுவில் மெதுவாகச் சொன்னார். "பதினோரு வருடமாக இந்தக் கேட்டில் நிற்கிறேன். நேரம் கேட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள், நெருப்புப் பெட்டி கேட்டார்கள். இதைக் கேட்ட ஆண்பிள்ளை நீதான்." கையிலிருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டு, "என் பீவி ஊரில் இருக்கிறாள். நானும் அவளைக் கேட்டதில்லை" என்றார்.

அவரும் அன்று உள்ளே போகக் கூடாது. கேட் கம்பியைக் குச்சியால் தட்டி, தூரத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டுச் சத்தமாக எதையோ கேட்டார். அவள் திகைத்து நின்றாள். பிறகு துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் ஐந்து விரலும் இன்னொன்றில் ஒரு விரலும் காட்டினாள்.

"சே!" என்றார் காவலாளி. இந்தியில் ஆறு.

"தண்ணி வருமா?" என்றேன். அவர் கத்தினார். அவள் தலையாட்டினாள்.

"தாழ்ப்பாள்?"

அவர் கதவைத் தாழ் போடுவது போல் கையால் காட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அவளும் காற்றில் தாழ் போட்டுக் காட்டினாள்.

நுழைவுச் சீட்டு ஒரு திர்ஹம். குழந்தைக்கு இல்லை. பத்தாகாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "யல்லா, போய் வீட்டில் சொல்லு" என்றார். வேனுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. வேப்பமர நிழல்கள் ரோட்டில் நீந்துவது போல இருந்தன.

6

அன்று சாயங்காலம் பிஸ்கட் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் செல்விக்குப் படம் போட்டுக் காட்டினேன். எங்கள் வீடு, ரவுண்டபௌட், பூங்கா, உள்ளே ஆறு கட்டம். மணிக்கட்டுக் கதையையும் சொன்னேன்.

செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "இதுக்காப் போயி போலீஸ்ல மாட்டப் பாத்தீங்க? பிஸ்கட் விக்கிற மனுசன் கேக்குற கேள்வியா இது?"

அட்டையை எதிர் ஃப்ளாட்டுக்கு எடுத்துப்போனாள். ஜமீலா அக்கா அதைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "அட அல்லாவே, ஏங்கிட்டக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா புள்ள? இந்தப் பார்க்கு எனக்குத் தெரியும். நம்ம தெருப் பள்ளியிலயே பின்னாடி பொம்பளைகளுக்குத் தனி வாசல் இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன், யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. எங்க வூட்டுக்கார மச்சானுக்கு இருவது வருசமா இது தெரியாது. அவுகளுக்கு எதுக்குத் தெரியணும்?"

நான் நாலு வருடம் வேனை நிறுத்திய பள்ளிவாசல் அது. அதன் பின்பக்கம் ஒரு கதவு இருப்பது எனக்கும் தெரியாது.

அடுத்த புதன்கிழமை ஜமீலா அக்காவோடு செல்வியும் மலரும் பூங்காவுக்குப் போனார்கள். அதற்கடுத்த புதனும் போனார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வேனில் அந்தச் சுவரைத் தாண்டும்போது உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். காவலாளி என்னைப் பார்த்தால் ஆறு விரலைக் காட்டுவார்.

மலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது அவளுக்குப் பத்து வயது. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். தாத்தாவுக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு வரிக்கு மேல் போனால் இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் போன மாதம் ஒரு பெரிய ஹோட்டல் வாசலைத் தாண்டியபோது, "அப்பா, ஐ நீட் த வாஷ்ரூம்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். சூட்டுப் போட்ட ஆளிடம் நிமிர்ந்து நின்று கேட்டாள். அவன் குனிந்து வழி காட்டினான். செல்வியும் நானும் ரோட்டிலேயே நின்றோம். அந்த வாசல்படியில் கால் வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் துணிவில்லை. அவள் தமிழை விட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தம்தான். அவள் அம்மாவின் அந்தப் பழக்கமும் சேர்ந்து போய்விட்டதில் எனக்கிருக்கும் நிம்மதி, அந்த வருத்தத்தைவிடப் பெரியது.

ராஜேந்திரனுக்கு இப்படித்தான் பதில் எழுதப் போகிறேன்: "மாப்ள, இருபது பென்ஸை நினைத்து அழாதே. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் பாவாடை கட்டிய படம் ஒட்டிய இன்னொரு கதவு இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் கையெடுத்துக் கும்பிடு. நாளைக்கு உன் பெண்சாதி வருவாள். வந்த அன்றைக்கே கதவைக் காட்டு. சுற்றிப் பார்க்கிற கோட்டையை எல்லாம் அப்புறம் காட்டலாம்."

அந்தக் கோடைக்கே திரும்பிவிடுகிறேன். ஊருக்குப் போட்ட டிக்கெட்டைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். டிக்கெட் தேதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. நான் பனியனோடு உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். செல்வி தலை சீவி, அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கார்னிஷ் போலாமாங்க?"

எழுந்து சட்டையைத் தேடினேன். அவள் சமையலறைக்குப் போனாள். கோடையில் இங்கே குழாயெல்லாம் வெந்நீர்தான், பானையில் பிடித்து வைத்துத்தான் குடிக்க வேண்டும். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள். கதவோரம் நின்று பார்த்தேன். அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்து ஏறி இறங்க, டம்ளர் முழுவதையும் குடித்தாள். இன்னொரு அரை டம்ளர் மொண்டு அதையும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன பாக்குறீங்க? கெளம்புங்க" என்றாள்.

முதலில் எங்கள் தெருப் பள்ளிவாசலின் பின்வாசலுக்குப் போனோம். அவளும் மலரும் உள்ளே போனார்கள். இந்தத் தடவை ஓரமாக நின்றது நான். பிறகு புல்லில் உட்கார்ந்தோம். அதே தண்ணீர், அதே கடலை வாசம். செல்வி ஊர்க்கதை சொன்னாள், பந்தலில் நடந்த சண்டையை நடித்துக் காட்டினாள், ஜூஸ் தம்ளரை மலருக்குத் தராமல் தானே காலி செய்தாள். பேச்சு நடுவில் கரை முழுக்கப் பட்டென்று விளக்குகள் எரிந்தன.

செல்வி பாதியில் நிறுத்தினாள். தண்ணீரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"அடி ஆத்தீ," என்றாள், "அதுக்குள்ளயா இருட்டிருச்சு?"